வேற ஏதாவது வேலை செய்யாம இருக்கா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு கார் பணிமனையில் கிடைத்தது. என் சொந்த வேலையாக அங்கே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். எதிரே அவருடைய பழைய கார். காருக்குள் தலைகீழாகத் தொங்காத குறையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய மகள். நான் சும்மா வேடிக்கை பார்த்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என்னைக் கேள்வி கேட்கக்கூடாது.

இப்போது காலை மணி ஏழு. எட்டரைக்குள் கதையை முடித்தாக வேண்டும். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘கருமேகங்கள் திரண்டு வந்த அந்த முற்பகலில், அவள் கண்களில் ஓர் இனம்புரியாத —’

[விட்டுவிட்டேன். பணிமனைக்குத் தகரக் கூரை. மேகமெல்லாம் தெரியாது.]

இரண்டாம் தொடக்கம்: ‘மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையே நிகழும் உரையாடல் என்பது, ஒரு வகையில் —’

[எந்த வகையில்? எனக்கே தெரியவில்லை.]

மூன்றாவது: லேப்டாப் ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்றது.

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

2

லேப்டாப் ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்றது. மகள் கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் கேபிளின் ஒரு முனை, லேப்டாப்பில் மறு முனை. காரின் என்ஜினை நடத்துகிற கன்ட்ரோல் யூனிட் என்ற பெட்டி தன் குறைகளை இந்தக் கேபிள் வழியாகச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. ஒரு வருடமாக ஆயில் மாற்றிக்கொண்டிருந்தவளிடம் முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்: “உங்க அப்பா வண்டிதானே? நீயே தனியாப் பாரு. சரி பண்ணிட்டேன்னா நாளையிலேர்ந்து லேப்டாப் வேலை உனக்கு.”

சாவியைத் திருப்பிப் பார்த்தாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். பணிமனை லேப்டாப்பை இன்னும் அவளிடம் தருவதில்லை, அது பெரியவரின் லேப்டாப். அவர் கதை எழுதுகிற ஆசாமி.

“அப்பா, இதுல இடமே இல்ல. உங்க கதைதான் அடைச்சுக்கிட்டு கெடக்கு.”

“கதைக்கு எவ்ளோம்மா இடம் வேணும்? வெறும் எழுத்துதானே.”

“முடிக்காத கதையே நாப்பது இருக்கு.”

பிறகு அவள் சாமர்த்தியமாக ஒன்று செய்தாள். அதே லேப்டாப்பை, அதே கேபிளை, பக்கத்தில் நின்ற வேறொரு காரில் மாட்டினாள். நொடியில் தொடர்பு கிடைத்தது. அந்தக் கார் கேட்காததையெல்லாம் சேர்த்துச் சொன்னது. ஆக, லேப்டாப் மீது குற்றமில்லை, கேபிள் மீதும் இல்லை. பெரியவருக்கு முதுகு வியர்த்தது.

3

இந்தப் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு இவரைப் பிடிக்கவில்லை. கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எடுத்தால் கார் யாருடையது என்ற கேள்வி வரும்.

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று சின்ன மகளிடம், இந்த மெக்கானிக்கிடம்தான், கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். செய்தபோது உண்மையாகத்தான் செய்தார், அதில் சந்தேகம் வேண்டாம். இருபத்திரண்டு நாள் தாங்கியது.

வீட்டில் தீப்பெட்டி கிடையாது. மகள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டாள். வெளியில் வாங்கிப் பையில் வைத்தால் நடக்கும்போது கடகடவென்று காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தப் பழைய காரில் ஒரு லைட்டர் உண்டு. அழுத்தினால் உள்ளே போகும், சூடானதும் தானாக வெளியே துள்ளும். வாரத்துக்கு இரண்டு தடவை, நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஜன்னலை இறக்கிக்கொண்டு…*

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு புதுப் பாக்கெட்டைப் பிரித்தபோது உள்ளே இருக்கும் வெள்ளித்தாள் துண்டு ஒன்று நழுவி லைட்டர் குழிக்குள் விழுந்தது. ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு லைட்டர் துள்ளவில்லை. தொலைகிறது என்று விட்டுவிட்டார்.

* வாசகர் கேட்கலாம்: வேடிக்கை பார்த்தவனுக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்? நல்ல கேள்வி. மணி ஏழு முப்பத்தைந்து. மேலே போவோம்.

4

மகள் மீட்டரை எடுத்து சாக்கெட்டில் வைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, சாக்கெட்டுக்கு வரவில்லை. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து, என்ஜினுக்கும் யூனிட்டுக்கும் உரிய ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லாம் முழுசாக இருந்தன. பட்டியலில் அந்தச் சாக்கெட்டின் பெயரே இல்லை.

அப்போது அவள் எழுந்து நின்று, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நல்ல மெக்கானிக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். அப்பாவிடம் கேட்பது போலக் கேட்கவில்லை. கஸ்டமரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

“கார்ல வேற ஏதாவது வேலை செய்யாம இருக்கா? ரேடியோ, விளக்கு, எதுவானாலும் சரி.”

பெரியவர் வாயைத் திறந்தார். நான் சொன்னேன்:

“இல்லையேம்மா. எல்லாம் ஜோரா இருக்கு.”

[மேலே ‘நான்’ என்பது அச்சுப்பிழை. ‘அவர்’ என்று —]

சரி, விடுங்கள். முப்பது வருடம் பிழை திருத்தியவனுக்கு எது பிழை, எது பிழையில்லை என்று தெரியும். பக்கத்து நாற்காலியில் பெரியவர் யாரும் இல்லை. அங்கே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது.

5

மகள் என் பதிலை நம்பினாள். நேராக முதலாளியிடம் போய், “யூனிட்டே செத்துப்போச்சுன்னு நெனைக்கிறேன் சார், மாத்தணும்” என்றாள்.

முதலாளி எழுந்து காருக்குப் பக்கத்தில் வந்தார். “யூனிட் செத்துட்டா என்ஜினே ஓடாது. உங்க அப்பா என்ன, தள்ளிக்கிட்டா வந்தாரு?”

அங்கிருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

முதலாளி உள்ளே குனிந்து, லைட்டரை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். அது துள்ளவில்லை. பெட்டியிலிருந்து ஒரு ஃப்யூஸைப் பிடுங்கிக் காட்டினார். கருகியிருந்தது. “இந்த மாதிரி வண்டில லைட்டருக்கும் நம்ம சாக்கெட்டுக்கும் ஒரே ஃப்யூஸ். லைட்டர் வேலை செய்யுதான்னு கஸ்டமர்கிட்ட கேக்கலையா?”

“கேட்டேன் சார்” என்று அவள் என்னைப் பார்த்தாள்.

முதலாளி அதற்குள் மெல்லிய இடுக்கியால் குழியிலிருந்து வெள்ளித்தாளை எடுத்துவிட்டார். அதைத் தூக்கிப் பிடித்தபோது, பள்ளிக்கூடத்தில் பிட்டோடு பிடிபட்டவன் போல எனக்குக் காது சூடானது.

“எங்க வீட்ல யாரு சார் லைட்டரைத் தொடப்போறா?” என்றேன். “பேத்தி சாக்லேட் பேப்பரைப் போட்டிருப்பா.”

புது ஃப்யூஸ் போட்டதும் லேப்டாப் பேசியது. மஞ்சள் விளக்குக்குக் காரணம் ஏதோ ஒரு அழுக்குப் பிடித்த சென்சார். பத்து நிமிட வேலை. அதை வேறொருவர் செய்தார். மகளிடம் முதலாளி, “இன்னும் ஆறு மாசம் ஆயில் மாத்து, அப்புறம் பாக்கலாம்” என்றார்.

6

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை. என் பெரிய மகள் தன் மூன்று வயதுப் பெண்ணை நிற்க வைத்துக் கேட்டாள்:

“கார்ல பேப்பர் போட்டது நீயா?”

“ஆமா. நான்தான்” என்றாள் பேத்தி, நெஞ்சை நிமிர்த்தி. தலை சீவிக்கொண்டதும் நானேதான் என்று சொல்கிற அதே குரல்.

“ஏன்டி போட்ட?”

“காருக்குப் பசிச்சுது.”

வழக்கு முடிந்தது. ஒரு வாரத்துக்குச் சாக்லேட் கிடையாது என்று தீர்ப்பு. செய்யாத குற்றத்தை மூன்று வயதில் ஒருத்தி இவ்வளவு கம்பீரமாக ஒப்புக்கொள்கிறாள். அறுபத்து மூன்று வயதில் நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் யாருக்கும் தெரியாமல் அவளுக்கு இரண்டு சாக்லேட் கொடுத்தேன். அதற்கும் மாட்டிக்கொண்டது அவள்தான்.

7

முடிவுகள் சில கைவசம் உண்டு.

தகப்பன் பணிமனை நடுவில் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான். எல்லோர் கண்ணிலும் நீர். முதலாளி கைதட்டுகிறார். [எனக்கே நம்பிக்கை வரவில்லை.]

மகளுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், அப்பாவின் மானம் போகக்கூடாது என்று சும்மா இருக்கிறாள். [இந்த முடிவைத்தான் மூன்று வாரமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சௌகரியமாக இருந்தது. அது பொய் என்று நேற்றுத் தெரிந்துவிட்டது.]

கார் திருடு போகிறது. [தப்பிக்கப் பார்க்கிறேன்.]

8

மணி எட்டு பத்து.

நேற்று சாயங்காலம் சின்னவள் வேலை முடிந்து வந்து, கைகூடக் கழுவாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, முதலாளி இன்னொரு வண்டி இருக்கு, மறுபடி பாக்கிறியான்னு கேட்டாரு. நாளைக்குக் காலைல பதில் சொல்லணும். வேண்டாம்னு சொல்லப்போறேன்.”

“ஏம்மா?”

“கேபிள் பாத்தேன், லேப்டாப் பாத்தேன், ஃப்யூஸ் பாத்தேன். கேக்க வேண்டியதைக்கூடக் கேட்டேன். அப்பவும் எனக்குத் தெரியலைன்னா, என் மண்டைக்கு இது ஏறாதுப்பா. ஆயில் மாத்துறதே போதும். அந்த சாஃப்ட்வேரை உங்க லேப்டாப்லேர்ந்து எடுத்துடுங்க. உங்க கதைக்காவது இடம் கெடைக்கட்டும்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. எழுத்து மட்டும்தான் எனக்கு எழும், அதுவும் ‘பெரியவர்’ என்று யாரோ ஒருவரைப் பிடித்து வந்த பிறகுதான்.

வாசகரே, முடிவு தருகிறேன் என்று இவ்வளவு தூரம் உங்களை இழுத்து வந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். இந்தக் கதைக்கு உண்மையில் ஒரே ஒரு வாசகிதான். எட்டரைக்கு அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள், மிச்சம் இருக்கும் நேரத்தை அவளுக்குக் கொடுக்கிறேன்.

சின்னவளே, யூனிட் செத்துவிட்டது என்று நீ சொன்னது தப்பு. ஓடுகிற வண்டியைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அதற்கு முதலாளி கிண்டல் செய்தது நியாயம். ஆனால் அதற்கு முன்னால் நீ செய்த ஒவ்வொன்றும் சரி. கேட்ட கேள்வி சரி, கேட்ட நேரம் சரி. பதில்தான் பொய். சரியான பதில் வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் அந்த ஃப்யூஸை நீயே பிடுங்கியிருப்பாய்.

பாக்கெட்டில் ஆறு மிச்சம் இருக்கிறது. லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். திறந்து பார், வெள்ளித்தாளில் ஒரு மூலை கிழிந்திருக்கும். அக்காவிடம் சொல்லிப் பாப்பாவுக்குச் சாக்லேட் வாங்கிக் கொடு. சாஃப்ட்வேர் அப்படியே இருக்கிறது, நான் தொடவில்லை. முடிக்காத நாற்பது கதைகளை அழித்துவிட்டேன்.

குளியலறையில் தண்ணீர் நின்றுவிட்டது. கதவு திறக்கிறது.

“அப்பா, எடுத்துட்டீங்களா?”

இதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் முதலாளியிடம் என்ன சொல்வாள், என்னிடம் பேசுவாளா மாட்டாளா, எல்லாம் அவள் எழுத வேண்டியது. மூன்று வாரத்துக்கு முன்பு அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு நான் எழுந்திருக்கிறேன்.

இருக்கும்மா. லைட்டர் வேலை செய்யல.

கோப்பைச் சேமித்துவிட்டேன். மூடவில்லை.