கலர் போன தண்ணீர்

சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினால், என் தட்டுகள் அத்தனையின் மேலும் தார்ப்பாய்! எனக்கு உச்சிக்கு ஏறியது கோபம்.

தம்போய் ஊரில் இருக்கும் இந்தச் சாயப்பட்டறையில் கழிவுநீரைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. வெள்ளைப் பூச்சு பூசிய தட்டுகளில் சாயத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைப்பேன். வெளிச்சம் பட்டால்தான் அந்தப் பூச்சு வேலை செய்யும், சாயத்தை உடைத்துப்போடும். நான்கு மணிக்குச் சுற்றுச்சூழல் அதிகாரி வருகிறார். தண்ணீர் தெளியவில்லை என்றால் பட்டறைக்குப் பூட்டு, முப்பது பேருக்கு வேலை போய்விடும்.

"யாரு மூடினது?"

சாயம் போடும் ஐயாசாமி அண்ணன் பெருமையாக வந்தார். "நாந்தான் தங்கச்சி. வெயில்ல கலரு போயிக்கிட்டே இருந்துச்சு. ஐயோ அலமாக், பாதி வெளுத்துப்போச்சு!"

"போகணும்னுதாண்ணே வெச்சிருக்கேன்!"

அவர் முகம் வாடிவிட்டது. நிழலில் உலர்த்து, வெயில் படவிடாதே என்று முப்பது வருடம் பழகிய கை அவருடையது. அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

மணி இரண்டு. மேற்கே மேகம் வேறு. தார்ப்பாயை உருவிவிட்டு, மிச்சமிருந்த காலித் தட்டுகளையும் எடுத்து வைத்து, தண்ணீரைப் பிரித்து விரல் கனத்துக்குப் பரப்பினோம். வெளிச்சம் அடிவரை போக வேண்டும். அண்ணன் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார், அடுப்பில் பாலை வைத்தவர் மாதிரி.

மூன்றரைக்குச் சிவப்பு ரோஸானது. நான்கு மணிக்குத் தட்டின் வெள்ளை தெரிந்தது. அதிகாரி போத்தலில் எடுத்துச் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தெளிந்த தண்ணீரைப் பின்பக்க லோங்காங்கில் திறந்துவிட்டோம். சின்ன வயதில் நானும் தங்கை ஷாந்தினியும் இந்தச் சாக்கடை ஓரத்தில்தான் பள்ளி பஸ்ஸுக்கு நிற்போம். இன்றைக்கு என்ன கலர் வரும் என்று பந்தயம். தோற்றவள் ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கித் தர வேண்டும். தீபாவளிக்கு முன்னால் மஞ்சளும் ஊதாவுமாக ஓடும். அது விஷம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அது அழகாக இருந்தது.

சிங்கப்பூரில் வேலையில் இருக்கும் அவளுக்கு ஃபோன் அடித்தேன். "இன்னிக்கு என்ன கலர், சொல்லு?"

முப்பது வருடம் கழித்தும் அவள் யோசிக்கவே இல்லை. "சிவப்பு!"

"தோத்துட்டே லா. கலரே இல்ல."

"நல்லதுதானேக்கா," என்றாள். எனக்குக் கண் கலங்கியது.

"ஐஸ் கச்சாங் நான் வாங்கித் தரேன்," என்றாள். "இதான் கடைசிப் பந்தயம்."