பஞ்சு அடைத்த ஷூ

தூக்கில் போட்ட பிறகும் தன்வீர் வளர்ந்துகொண்டுதான் இருந்தான். ஃபைசலாபாத்தின் தறிக்காரர் பேட்டையில் இதை முதலில் கண்டவள் அவன் அம்மா ரஷீதான். முஹர்ரம் பத்தாம் நாள், எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்கு மண் பூசும்போது, போன வருஷம் மிஞ்சிப்போன அதே ஒரு கூடை மண் இந்த வருஷம் கால்மாட்டில் ஒரு சாண் போதவில்லை. இன்னொரு கூடை குழைத்துக்கொண்டு வந்தாள். வளரும் வயதில் கொன்றால் பிள்ளை வேறென்ன செய்வான்?

வயதைக் கூட்டிச் சொன்னவள் அவள்தான். புருஷன் இறந்ததும், பதினான்கு வயதுப் பையனுக்கு அப்பனின் ஷூவை மாட்டி, நுனியில் கழிவுப்பஞ்சு அடைத்து, தறிப்பட்டறை மேஸ்திரி முன்னால் நிறுத்தினாள். "பதினெட்டு முடிஞ்சிருச்சுண்ணே, ஆளுதான் சோனி." மறுவருஷம் பட்டறைக் காவலாளியை யாரோ குத்திக் கொன்றார்கள். போலீஸ் கைக்கு அகப்பட்டவன் தன்வீர். தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், ஒப்புக்கொண்டான். பதினெட்டு ஆகாதவனுக்குத் தூக்கு இல்லை. கோர்ட்டில் மேஸ்திரி பொய் சொல்லவில்லை. "பதினெட்டுன்னு பெத்தவ வாயாலதான்யா சொன்னா." ரஷீதான் எழுந்து, "வேலைக்காகச் சொன்ன பொய்யிய்யா! பதினஞ்சுதான் ஆவுது!" என்று கத்தினாள். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றதா?" என்றார் நீதிபதி. சிரித்தார்கள், அத்தனை பேரும் படித்தவர்கள். அடுத்த வருஷம், மீசை அரும்புமுன், தூக்கில் போட்டுவிட்டார்கள்.

கல்லறை இரண்டாவது வருஷமும் நீண்டது. கால்மாட்டில் பக்கத்து வீட்டு பஷீராவின் மாமனாரைப் புதைத்திருந்தார்கள். "ஏ ரஷீதான், ஒம்மவன் எங்க மாமனார் தலையில காலை வைக்கிறான்டி!"

"உசிரோட இருந்தப்ப ஒருத்தரையும் மிதிச்சதில்லக்கா. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

"அந்தக் கெழவனா? என்னையவே பொறுத்துக்கிட்டதில்ல" என்ற பஷீரா, மாமனாரின் தலைக்கல்லைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் காவலாளியின் தங்கை மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒரு கான்ஸ்டபிள் வாசலில் வந்து நின்று, "ஒங்க பையன விடுதலை பண்ணிட்டாங்கம்மா" என்றார். "எங்க விட்டிருக்காங்க?" என்று ரஷீதான் கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த முஹர்ரத்தில் கல்லறை வளரவில்லை. அவனுக்கு நிஜமாகவே பதினெட்டு முடிந்திருந்தது. ரஷீதான் அந்த ஷூவைக் கொண்டுவந்து, பஞ்சை உருவி எறிந்துவிட்டு, கால்மாட்டில் வைத்தாள்.

மறுவருஷம் போனபோது ஷூவின் அடி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. கடைத்தெருவில் புது அடி போடக் கொடுத்தாள். "ரொம்ப நடக்குற ஆளு போல" என்றார் தைப்பவர்.

"ஆமாண்ணே" என்றாள். "விட்டுட்டாங்கல்ல."