கிரேஷ் திறப்பு விழா

அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டியவன் யாரோ, அவன் கை விளங்காமல் போக என்று சுமலதா பிற்பாடு திட்டினாள். ஒட்டிய அன்று அப்படியில்லை. மூன்று முறை படித்துவிட்டு, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக நின்றாள்.

"டிசம்பர் 24, காலை 10 மணிக்கு நம் கம்பெனியின் கிரேஷ் திறப்பு விழா. அனைவரும் குடும்பத்துடன் வருக."

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் வாசனை மெழுகுவர்த்தி செய்யும் கம்பெனி அது. பேக்கிங்கில் மட்டும் அறுபது பெண்கள். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வர ஒரு அறையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டுமென்று போன தை மாதமே எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தார்கள். இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் கிரேஷ் வைத்தே ஆகவேண்டுமென்று சட்டமே இருக்கிறதாம். மேனேஜர் கோபிநாத் மனுவை வாங்கிக்கொண்டு பார்க்கலாம் என்றார். பதினோரு மாதமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

சுமலதாவின் மகள் சுடர்விழிக்கு எட்டு மாதம். புருஷன் வெற்றிவேல் லாரியோடு போனால் நாலு நாள் கழித்துத்தான் தலையைக் காட்டுவான். மாமியார் உயிரோடு இல்லை. அம்மா வீட்டில் அண்ணி ராஜ்யம். அதனால் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி, பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பாவிடம்தான் பகலெல்லாம் பிள்ளை கிடந்தது. சின்னப்பாப்பாவுக்கு இடுப்பு வலி, குழந்தை பின்னால் ஓட முடியாது. சமைக்கிற நேரத்தில் பழைய புடவைக் கிழிசலால் பிள்ளையின் காலைக் கட்டில் காலோடு கட்டிவிடுவாள். ஒரு சாயங்காலம் குளிப்பாட்டும்போதுதான் இடது கணுக்காலைச் சுற்றிச் சிவந்திருந்த தடத்தைச் சுமலதா பார்த்தாள். தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். சின்னப்பாப்பாவைக் கேட்கவில்லை. வேறு போக்கிடம் இல்லாதவள் எந்த வாயால் கேட்பது?

இப்போது அந்தத் தாள் அவளுக்கு வாய் கொடுத்துவிட்டது. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று சூப்பர்வைசர் குஞ்சம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள். குஞ்சம்மாள் உப்பளம் மாதா கோயில் தெருக்காரி, ஒரு ஞாயிறு பூசையைக்கூடத் தவற விடாதவள்.

"அக்கா, கிரேஷ் ரெடியாயிடுச்சா?"

"ஆயிடுச்சிடி. முன்னால ஏசி ஹால்லதான். எங்க தெரு ஆளுங்கதான் வேல செய்றாங்க. தொட்டிகூட வந்துடுச்சு."

சுமலதாவின் காதில் அது தொட்டில் என்று விழுந்தது. பிள்ளைக்காரி காதில் வேறு எப்படி விழும்?

அன்று சாயங்காலமே சின்னப்பாப்பா வாசலில் போய் நின்று, இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. கட்டிப்போட என் பிள்ளை என்ன நாயா என்று கேட்டாள். அடுப்பில் விழுந்தால் பரவாயில்லையா என்று சின்னப்பாப்பா திருப்பிக் கேட்டதை அவள் காதில் வாங்கவே இல்லை.

"நாளைலேருந்து எம்மவ ஏசி ரூம்ல தொட்டில்ல படுப்பா. ஒன் வாசப்படி இனிமே மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

இருபத்தி நாலாம் தேதி பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு, கஞ்சி டப்பா, மாற்றுத் துணி, கிலுகிலுப்பை எல்லாம் பையில் அடைத்துக்கொண்டு போனாள். மற்ற பிள்ளைக்காரிகள் விவரமானவர்கள். முதலில் திறக்கட்டும், பார்ப்போம் என்று கையை வீசிக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதலாளியின் மனைவியை எல்லாரும் மதாம் என்பார்கள். பாதி வருஷம் பிரான்சில் இருப்பவர். அவர் ரிப்பனை வெட்டினார், திரை விலகியது. உள்ளே ஒரு கூரைக் குடில். மாடு, கழுதை, நாலைந்து ஆடு, ஒட்டகத்தோடு மூன்று ராஜாக்கள், மினுக்கும் சீரியல் பல்பு. நடுவில் வைக்கோல் பரப்பிய மரத்தொட்டி ஒன்று காலியாக இருந்தது. ஓரத்தில் வாட்ச்மேன் இராமதாஸ் பஞ்சுத் தாடியும் சிவப்புக் குல்லாவுமாக வியர்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

சுமலதா குடிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அறைக்குப் போகும் கதவு அங்கேதான் இருக்க வேண்டும். சுவர்தான் இருந்தது.

பிரஞ்சு பேசுகிற அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கிரேஷ் என்றுதான் பேர். மதாம் சொன்னார், ஆபீசில் அப்படியே டைப் அடித்தார்கள். யார் மேலும் தப்பில்லை. அதனால் யாரைப் பிடித்துத் திட்டுவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் குஞ்சம்மாள் ஒரு ஜெபம் சொல்லலாம் என்று முன்னால் வந்து, மாதாவுக்கு நிறைமாதம், ஊரில் ஒருத்தரும் இடம் கொடுக்கவில்லை, பெற்ற பிள்ளையைப் படுக்க வைக்க... என்று ஆரம்பித்தாள். அந்தக் கதையின் மிச்சத்தைக் கேட்கச் சுமலதாவுக்கு ஆசையாக இருந்தது. கோபிநாத் குறுக்கே விழுந்தார்.

"அக்கா, மதமெல்லாம் வேணாம். இது எல்லாருக்கும் பொதுவான பண்டிக. கேக்கு, பாட்டு, போட்டோ, அவ்ளோதான்."

போட்டோவுக்குத் தொட்டி காலியாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? பாலகன் சொரூபத்தை எடுத்து வைக்கச் சொன்னார் மதாம். குஞ்சம்மாள் அது இருந்த அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். ராத்திரி பூசைக்கு முன்னால் வைத்தால் பாவம், இன்னும் பிறக்கவே இல்லையே என்றாள். பொம்மைதானே என்றார் கோபிநாத். ஒங்களுக்குப் பொம்மை என்றாள் அவள். சாமியா பொம்மையா என்று இப்படிக் கால் மணி நேரம் போனது. இடுப்பில் நிஜப் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றவளை அதுவரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதாம்தான் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கேட்கக்கூட இல்லை, கையை நீட்டினார். சுடர்விழியும் ஈ என்று சிரித்துக்கொண்டே போனாள். மதாம் தொட்டியில் கிடத்தியதும் வைக்கோலில் ஒரு கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கால்களை உதைத்தாள். அத்தனை செல்போனும் உயர்ந்தன. குஞ்சம்மாள் கண் கலங்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள். இதில் மதமே இல்லை பாருங்கள், வெறும் குழந்தை என்று கோபிநாத்துக்கும் பரம திருப்தி.

சுமலதா பையைக் கையில் பிடித்தபடி மதாமிடம் கேட்டாள்.

"மதாம், பாப்பாவ இங்கியே விட்டுட்டு நான் பேக்கிங் லைனுக்குப் போவட்டுமா?"

மதாம் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார். கோபிநாத்துக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆனது.

"அது வேற கிரேஷும்மா. அது பரிசீலனையில இருக்கு" என்றார். மெழுகு காய்ச்சும் இடம், குழந்தையை உள்ளே விட முடியாது, அரை மணி நேரத்தில் விட்டுவிட்டு வந்துவிடு, இல்லையென்றால் ஆப்சென்ட் என்றும் சொன்னார்.

அவள் குஞ்சம்மாளைப் பார்த்தாள். குஞ்சம்மாள் அட்டைப்பெட்டியை வெள்ளைத் துண்டால் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், கால் கீல் ஒடிந்துவிடப் போகிறது, பத்திரம் என்று கோபிநாத்திடம் சொன்னாள். அவரும் உடனே சாவியை எடுத்தார். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் சண்டையே வரவில்லை.

சின்னப்பாப்பா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படியில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, புதுக் கவுனையும் பையையும் பார்த்தாள். பிள்ளையின் கையில் இன்னும் அந்த வைக்கோல் இருந்தது.

"இன்னாடி, ஏசி ரூம் நல்லாருக்குதா?"

"நல்லாருக்கு. மாட்டுக்கு எடம் இருக்கு, கழுதைக்கு எடம் இருக்கு."

சின்னப்பாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே வழி விட்டாள். கட்டில் காலில் கிழிசல் கட்டியபடியே தொங்கியது. மணி பார்த்தாள் சுமலதா. இன்னும் பத்து நிமிஷம்தான். பிள்ளையைத் தரையில் உட்கார வைத்தாள். கிழிசலைத் தன் கையாலேயே இழுத்து, வலது காலில் தளர்த்தியாக ஒரு சுற்று சுற்றி முடி போட்டாள்.

"இனிமே இந்தக் கால்லியே கட்டு" என்றாள். "அந்தக் கால்ல இன்னும் தடம் போவல."