தூணில் நிற்பவள்

"பாத்துட்டு மொகம் சுழிக்க மாட்டீகளே?" என்று கேட்டுவிட்டுத்தான் பொன்மணி முந்தானையை இறக்கினாள். புருஷன் பாண்டியராஜ் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நெல்லையில் ஆபரேஷன் பண்ணி இடது மார்பை எடுத்துவிட்டு வந்ததிலிருந்து, அவள் அவன் முன்னால்கூடச் சேலை மாற்றியதில்லை. கண்ணாடியையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். உன்னை வரையணும் என்று அவன் நாள்கணக்காகக் கெஞ்சி, இன்றைக்குத்தான் சம்மதித்திருக்கிறாள்.

பாண்டியராஜ் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். லீவு விட்டால் போதும், சங்கரநாராயணர் கோயில் தூண்களே கதியென்று கிடப்பான். மூக்குப் போனவள், கை உடைந்தவள், எந்தச் சிலைப்பெண்ணானாலும் படத்தில் முழுசாக்கிவிடுவான். கல்லில் போனது வாத்தியார் கையில் வந்துவிடும் என்று ஊரே மெச்சும். மெச்சி மெச்சியே மனுஷனைக் கெடுத்துவிட்டார்கள், வேறென்ன சொல்ல?

இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, ஒரு காலை லேசாக மடக்கி, தூணில் நிற்பவளைப் போலவே பொன்மணியை நிற்கச் சொன்னான். கால் கடுத்தும் மகராசி அசையவில்லை. அவன் கண் அவள் முகத்துக்குப் போனது, இடுப்புக்குப் போனது, நடுவில் மட்டும் தங்கவில்லை. அங்கே அவனுக்குப் பயமாக இருந்தது. கை அதுபாட்டுக்குப் பழகின வளைவைப் போட்டுக்கொண்டே போனது.

முடித்ததும் ஆசையாகக் கூப்பிட்டான்.

"வந்து பாருட்டி, நீ எப்படி நிக்கேன்னு."

பொன்மணி சேலையை வாரிப் போர்த்திக்கொண்டு வந்தாள். படத்தில் இரண்டு மார்பும் தூண்பெண்ணுக்குப் போலத் திரண்டு நின்றன. அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நிஜமாகவே நினைத்திருந்தான், பாவி.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னமான செலைய கோயில்லதான் வச்சிக் கும்பிட மாட்டாக. வீட்டுலயுமா?"

பாண்டியராஜ் கிட்டே வந்தான். அழித்துவிட்டு இருக்கிறபடியே வரைகிறேன், இன்னொரு தடவை நில்லு என்று கையைப் பிடித்தான். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"இம்புட்டு நேரம் நின்னேம்லா" என்றாள்.

அவள் அடுப்படிக்குப் போனாள். அரிசி களைகிற சத்தம் கேட்டது. அவன் சாயம் வழிக்கிற கத்தியை எடுத்து, படத்தில் ஈரம் காயாத இடது மார்பை வழித்தெடுத்தான். அடியில் படத்துணி வெள்ளையாகத் தெரிந்தது. பிரஷ்ஷை நனைத்து அங்கே கொண்டுபோனவன், அப்படியே நிறுத்தினான். தழும்பு நேராக ஓடுகிறதா, சரிந்து அக்குள் வரைக்கும் போகிறதா, அவனுக்குத் தெரியவில்லை.

பிரஷ் நுனியில் திரண்ட சாயம் சொட்டித் தரையில் விழுந்தது.