நூற்று நாற்பத்திரண்டுக்கு எந்தப் பக்கம்

ஏப்ரல் மாதத்து இரண்டாவது ஞாயிறு. காலை பத்து மணிக்குப் பதினான்கு பேர் சைக்கிளோடு என் வீட்டு வாசலில் நின்றார்கள். நான் காலுறையோடு வெளியே வந்தேன். என்னுடையது முட்டுச் சந்தில் கடைசி வீடு. அதற்கப்பால் எருக்குவியல். அங்கே தபால்காரர்கூட வாரத்துக்கு இரண்டு முறைதான் வருவார்.

"நூத்தி நாப்பத்திரண்டு எங்கங்க?" என்றார் முன்னால் நின்ற மஞ்சள் சட்டைக்காரர்.

"இங்க இல்ல."

"பலகை இந்தப் பக்கம்தானே காட்டுச்சு?"

"பலகை என்ன காட்டினா என்ன? எதிர்ல எருக்குவியல் நிக்குது, கண்ணு தெரியலையா?"

பின்னாலிருந்த ஒரு பெண் சிரித்தாள். "நாங்க வேற ஏதோ பண்ணை பார்க்க விடுறாங்கன்னு நெனச்சோம். நீங்க வேற காலுறையோட வந்தீங்களா, காப்பி உண்டுன்னே முடிவு பண்ணிட்டோம்."

இங்கே பூ பூக்கத் தொடங்கியதும் சைக்கிளில் சுற்ற வருபவர்கள் ஊர்ப் பெயர் கேட்கமாட்டார்கள். சந்திக்குச் சந்தி ஓர் எண். காலையில் ஏழெட்டு எண்களைத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்வார்கள். பலகை காட்டுகிற பக்கம் திரும்புவார்கள். பலகை குளத்துக்குள் போகச் சொன்னால் நனைந்துகொண்டே போவார்கள். அந்த அளவுக்கு நம்பிக்கை. அந்த நம்பிக்கை கெடாதபடி எங்கள் மேட்டில் இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்டவர் கமீல், என் அக்கா ஹெட்விக்கின் கணவர். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு விருந்து, ஒரு மழைக்கோட்டு.

மேட்டின் மேல் இருக்கும் நூற்று முப்பத்தெட்டாம் சந்திக்குப் போய்ப் பார்த்தேன். 142 என்ற பலகை புதிது, பளபளவென்றிருந்தது. அம்பு இடப்பக்கம் காட்டியது. இடப்பக்கம் என் வீடு. செர்ரித் தோட்டத்தின் வழியாகக் கீழே இறங்கும் உண்மையான பாதை வலப்பக்கம். யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் பலகையைப் பிடித்து அசைத்தேன். அசையவில்லை.

கமீலின் வீட்டுக்குப் போனேன். அவர் சமையலறையில் ரொட்டியில் பேரிக்காய்ப் பாகு தடவிக்கொண்டிருந்தார். பாகு ரொட்டியிலும் இருந்தது, மேசையிலும் இருந்தது.

"வாடா மாப்ளே. சூரியன் இன்னும் மேலயே இருக்கு, அதுக்குள்ள எழுந்துட்டியா?"

குளிர்கிடங்கில் நைட் ஷிப்டை விட்டு ஏழு மாதம் ஆகிறது. ஆனாலும் நான் பகலில் தூங்குவதுதான் அந்த வீட்டில் ஒரே நகைச்சுவை.

"மச்சான், முப்பத்தெட்டுல புதுப் பலகை எப்ப மாட்டுனீங்க?"

"மார்ச்சுல. ஏன்?"

"அம்பு இடப்பக்கம் காட்டுது. பதினாலு பேரு என் எருக்குவியலுக்கு வந்துட்டாங்க."

கத்தி ரொட்டியின் மேல் நின்றுவிட்டது. அவர் கண்ணின் நடுவில் கறை விழுந்து இரண்டு வருடமாகிறது. ஓரம் தெரியும். ஆள் வருவது தெரியும், மரம் தெரியும், ஆளின் முகம் தெரியாது. இலையுதிர் காலத்தில் கார் ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். சைக்கிளை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. அவர் ஓட்டுவதைப் பார்த்தால் பிடுங்கத் தோன்றாது.

"இடது அம்பு பையோட இடது பாக்கெட்ல, வலது அம்பு வலது பாக்கெட்ல," என்றார் மெதுவாக. "அப்படித்தான் வெச்சிருந்தேன். கைவிட்டு எடுத்து மாட்டுனேன்."

அக்கா பாத்திரம் துடைத்தபடியே திரும்பினாள். "அந்தப் பச்சைப் பையா? பிப்ரவரியில நான்தான் துவைச்சேன். அதுல அப்படி ஒரு நாத்தம். உள்ள இருந்த தகடுங்கள எடுத்து, திரும்ப உள்ள வெச்சேன்."

கமீல் கத்தியைத் துடைத்து வைத்தார். பிறகு சொன்னார்: "நீ என்ன பண்ணுவே. நான் சொன்னாதானே உனக்குத் தெரியும்."

அன்று மதியமே போய்ப் பலகையை மாற்றினோம். நான் பார்த்துச் சொன்னேன், அவர் மாட்டினார். ஆனால் பதினான்கு பேரில் ஒருவர் படம் எடுத்துப் பாதை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து அன்னெலோர் வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும். பலகையைப் படிக்க முடியாதவரிடம் பாதையைக் கொடுத்து வைக்கமாட்டார்கள். கமீலுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. தோட்ட வேலையை விட்டாயிற்று, காரும் போயிற்று. இந்தப் பதினொரு கிலோமீட்டர் பாதைதான் இருந்தது.

"யாரோ விளையாட்டுக்குத் திருப்பி வெச்சிட்டாங்கன்னு சொல்லிடலாம்," என்றேன் நான். அக்கா தலையாட்டினாள். கமீல் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டார்.

செவ்வாய் காலை கமீலும் நானும் அன்னெலோரோடு சைக்கிளில் கிளம்பினோம். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காலில் நல்ல வலுவுள்ள பெண். மேடு ஏறும்போதும் பேச்சை நிறுத்தாதவள். கமீலின் கண்ணைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கமீல் முன்னால் போனார்.

பதினெட்டு வருடம் இரவில் வேலை பார்த்தவன் நான். இந்தப் பாதையைப் பூ பூக்கும் மாதத்தில், வெளிச்சத்தில், சைக்கிளில் இருந்தபடி சரியாகப் பார்த்தது அன்றுதான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேட்டுக்குப் பின்னால் மேடு. ஒவ்வொன்றின் முதுகிலும் வரிசை வரிசையாகப் பேரி வெள்ளை, நடுவில் ஆப்பிளின் இளஞ்சிவப்பு. பாதை ஒரு டிராக்டர் அகலம்தான், கான்கிரீட் பாளங்களை அடுத்தடுத்துப் போட்டது. கார் வராது. அதனால் சத்தம் என்றால் தேனீ, சங்கிலி, நம்முடைய மூச்சு, அவ்வளவுதான். எதிரே இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தாள். ஒதுங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பயமில்லாமல் ஒருத்தி வளைந்து வளைந்து ஓட்டும் பாதையை யார் போட்டார்களோ, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஓர் இறக்கத்தில் கமீல் திடீரென்று பிரேக் பிடித்தார்.

"கேட்டுச்சா?"

"என்னது அண்ணே?" என்றாள் அன்னெலோர்.

"பாளத்துக்குப் பாளம் டக்கு டக்குன்னு ஒரே மாதிரி வந்துச்சா? இங்க மட்டும் 'டொக்'குன்னுச்சு. இந்தப் பாளம் ஒரு விரல் தூக்கியிருக்கு. போன வருஷம் அரை விரல்தான். அந்த வால்நட் மரத்து வேர். மழை நாள்ல வேகமா எறங்குறவன் இங்கதான் விழுவான்."

அவள் இறங்கிக் கையால் தடவிப் பார்த்தாள். உண்மைதான். அவளும் அதன்மேல்தான் வந்திருந்தாள், கவனிக்கவில்லை. நானும்தான்.

நூற்று முப்பத்தெட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவள் கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினாள். "இப்ப சரியாத்தான் இருக்கு. அன்னிக்கு எப்படி அண்ணே இப்படி ஆச்சு?"

நான் முந்திக்கொண்டேன். "விடலைப் பசங்க வேலை. சனிக்கிழமை ராத்திரி இந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சு."

கமீல் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"பலகையைத் திருடுறாங்கன்னு முக்கோணத் தலை ஸ்குரு போட்டது நீங்கதானேம்மா. இந்தச் சாவி இல்லாம எந்தப் பசங்க கழட்டுவாங்க? இந்த மேட்ல சாவி ஒண்ணுதான். என்கிட்டதான் இருந்துச்சு. இவன் என்மேல உள்ள பாசத்துல உளர்றான். பொய் சொல்லவும் பழக்கமில்ல, பகல்ல முழிச்சிருக்கவும் பழக்கமில்ல."

"அப்ப…"

"அம்பு எனக்குத் தெரியல. எண்ணும் தெரியல. ரெண்டு வருஷமா தொட்டுப் பார்த்துத்தான் அறிக்கை அனுப்புறேன். ஸ்குரு இறுக்கமா இருந்தா 'சரி'ன்னு எழுதிடுவேன். எழுதுறது என் பொண்டாட்டி, சொல்றது நான்."

இதைச் சொல்ல அவர் குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவுமில்லை. நான் தரையைப் பார்த்தேன். நானாக இருந்தால் அந்த விடலைப் பையன்களுக்குப் பெயர்கூட வைத்திருப்பேன்.

அன்னெலோர் கைப்பேசியைப் பையில் போட்டாள். பிறகு, "அண்ணே, உங்களுக்கே தெரியும்," என்றாள்.

"தெரியும். அதான் சாவியக் கையில குடுத்துட்டேனே."

"ரோடு மட்டும் பார்க்குற வேலைன்னு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

"நான் கேக்கலியே. அந்தப் பாளத்த மட்டும் எழுதிக்க. மழைக்கு முன்னால செதுக்கச் சொல்லு."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, இந்தப் பகுதியை யாரிடம் கொடுப்பது என்று காற்றைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இதோ நிக்குறானே," என்றார் கமீல். "வேலை இல்ல, வெட்டி இல்ல. கண்ணு மட்டும் ரெண்டும் நல்லா இருக்கு. அதையும் மூடியே வெச்சிருக்கான்."

"மச்சான், எனக்கு இதெல்லாம்…"

"வாங்கிக்கடா."

வாங்கிக்கொண்டேன். மறுக்க எனக்கு முகமில்லை.

அதன்பிறகு இரண்டு வாரம் அவர் சைக்கிளைத் தொடவில்லை. சமையலறையில் வானொலி கேட்டபடி உட்கார்ந்திருக்கிறார் என்று அக்கா சொன்னாள். நான் போனால் வானிலை பேசினார். நான் பதினொரு கிலோமீட்டரையும் சுற்றிவந்தேன். பலகைகளைத் துடைத்தேன், சாய்ந்திருந்த ஒன்றை நிமிர்த்தினேன். பாளத்தை வந்து செதுக்கிவிட்டுப் போனார்கள். அதைச் சொன்னேன். "ம்," என்றார்.

மே முதல் ஞாயிறு. பேரி உதிர்ந்து ஆப்பிள் உச்சத்தில் இருந்தது. நூற்று முப்பத்தெட்டில் ஏணி போட்டு, பலகையை மறைத்த கிளையை வெட்டிக்கொண்டிருந்தேன். கீழே மேட்டில் ஒரு நீண்ட வரிசை ஏறி வந்தது. இருபது பேருக்கு மேல். வெளியூர்க்காரர்கள், ஹேண்டில்பாரில் எண் தாள். வரிசையின் முன்னால் ஒருவர் அவசரமில்லாமல், மேட்டுக்கு ஒரு மிதி, வளைவுக்கு ஒரு சாய்வு என்று வந்துகொண்டிருந்தார். அருகே வந்ததும்தான் தெரிந்தது, கமீல். அவர்களை அவர் கூட்டி வரவில்லை. பின்னால் ஆள் இருப்பது தெரியுமோ என்னவோ. தன் பாட்டுக்குக் கிளம்பி வந்திருந்தார்.

சந்தியில் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் பாளத்தின் சத்தம் மாறிய இடத்தில் வலப்பக்கம் சாய்ந்து, செர்ரி மரங்களுக்கு நடுவே இறங்கினார். அத்தனை பேரும் அவர் பின்னாலேயே சாய்ந்து இறங்கினார்கள். கடைசியாக வந்த ஒருத்தி மட்டும் ஏணியில் நின்ற என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

நான் துடைத்து வைத்திருந்த பலகையை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.