நிலாவுக்குப் போகாத கல்லக்கா

விண்வெளி ஆராய்ச்சி மையத்தில் எல்லாருக்கும் அவள் கல்லக்கா. நிலவியல் படித்தவள். சாலைக்காக வெட்டிய மலைச்சரிவைக் கண்டால் காரை நிறுத்தாமல் போகமாட்டாள். "நாயைக் கண்டா கல்லைக் காணோம்பாங்க. இவளுக்குக் கல்லைக் கண்டா புருஷனைக் காணோம்," என்று கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நிலாவில் இறங்கப்போகும் இருவரில் ஒருத்தியாக அவளைத் தேர்ந்தெடுத்தபோது வயது முப்பத்தைந்து. பிறகு ஒன்பது வருடம் பயிற்சி. கனத்த உடுப்போடு எரிமலைப் பாறைகளில் ஏறி இறங்கினாள். மகளின் பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் கணவர்தான் போனார்.

புறப்பட ஐந்து மாதம் இருக்கும்போது டாக்டர் கூப்பிட்டார்.

"இதயத் துடிப்புல சின்னக் கோளாறும்மா. இங்க நூறு வயசு வரைக்கும் இருக்கலாம். அங்க அனுப்ப முடியாது."

வீட்டுக்கு வந்து சொன்னாள். கணவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்பாடா," என்றார்.

வாய் தவறி வந்துவிட்டது. முகம் வெளிறிப்போய், "இல்லம்மா, நான் அந்த அர்த்தத்துல..." என்று தடுமாறினார்.

"தெரியும். விடுங்க."

ஒன்பது வருடமாக அந்த மனுஷன் பயத்தை விழுங்கிக்கொண்டுதான் சிரித்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து இருவருக்குள்ளும் பேச்சு சுருங்கிப்போனது.

அவள் இடத்துக்கு ஒரு விமானி வந்தார். அவளைவிட ஒரு வயது மூத்தவர். ஆனாலும் அவரும் கல்லக்கா என்றுதான் கூப்பிட்டார். கருங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் மட்டும்தான் அவருக்கு வித்தியாசம் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு குவாரி குவாரியாக அலைந்தாள். தன் கண்ணையே கழற்றிக் கொடுப்பதுபோல இருந்தது.

அவர் நிலாவில் நடந்த நாளில் அவள் கட்டுப்பாட்டு அறையில் மைக்கின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"கல்லக்கா, இடப்பக்கம் வெள்ளையா ஒண்ணு மினுங்குது. எடுக்கட்டுமா?"

திரையில் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நிலா உருவானபோது முதன்முதலில் இறுகிய மேலோட்டின் கல். இத்தனை வருடமாக அவள் தேடியது.

"எடுங்க. மெதுவா. அடியில இருக்கற மண்ணையும் சேத்து அள்ளுங்க."

அவர் கல்லை மண்ணோடு அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க இங்க இருந்திருக்கணும்கா."

அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"நேரமாச்சு. அடுத்த இடத்துக்குப் போங்க," என்றாள்.

கல் வந்து சேர்ந்தது. மனிதக் கை அதன்மேல் படக்கூடாது. கண்ணாடிப் பெட்டியில் பொருத்திய தடித்த ரப்பர் கையுறைகளுக்குள் கைகளை விட்டு அதைத் தூக்கினாள். சூடா, குளிர்ச்சியா, சொரசொரப்பா, ஒன்றும் தெரியவில்லை. கண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் உள்ளே மாட்டியிருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் கணவர் வாசலில் காரோடு காத்திருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துது?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. முன்பென்றால் வீடு போய்ச் சேரும்வரை வாய் ஓயாமல் சொல்லியிருப்பாள்.

"சின்னக் கல்லுதான்," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.