வைற்ஹோல் வீதியின் மறுபக்கம்

நாடாளுமன்றம் திறக்கும் நாளில் அரச ஊர்வலம் பார்க்கப் போவது கிறிஸ்துராஜாவுக்கு வழக்கம். அகதியாக லண்டனுக்கு வந்த புதிதில், வேலை தேடி அலைந்த ஒரு காலையில் வைற்ஹோல் வீதியில் கூட்டத்துக்குள் அகப்பட்டு, அப்போதைய மகாராணியின் வண்டி போவதைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் அரசாங்க வாகனங்கள் வருகின்றன என்றால் சனம் வீதியை விட்டு ஓடும். இங்கே சனம் வீதிக்கு ஓடி வந்து நின்றது. அந்த ஆச்சரியம் அவருக்கு இன்றும் தீரவில்லை.

மனைவி கலாவதி இறந்த பிறகு தனியே போக மனம் வராமல், இந்த முறை மகள் கோசிகாவைக் கேட்டார். வீடில்லாத குடும்பங்களுக்கு உதவும் ஒரு நிறுவனத்தில் அவள் வேலை செய்தாள். லூயிஷத்தில் தனியே இருந்தாள்.

"எனக்கு அண்டைக்கு ஏலாது அப்பா, வேலை இருக்கு" என்றாள் தொலைபேசியில்.

"சரி பிள்ளை, நான் போட்டு வாறன்."

பிளேஸ்டோவிலிருந்து ரயிலேறி, நேரத்தோடு போய்த் தடுப்பு வேலிக்கு அருகில் இடம் பிடித்தார். பக்கத்தில் ஜோய்ஸ் என்ற வயதான வெள்ளைக்காரப் பெண்மணி மடக்குக் கதிரையில் இருந்தார். தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி அவருக்கும் கொடுத்தார். பின்னால் ஒருவர், பஸ்ஸையெல்லாம் திருப்பிவிட்டார்கள், வேலைக்குப் பிந்திவிட்டது என்று முணுமுணுத்தார். உல்லாசப் பயணிகள் கைபேசிகளை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

அப்போது வீதியின் மறுபக்கத்தில் மஞ்சள் அட்டைகள் எழுந்தன. "மணிமுடி வேண்டாம், வீடு வேண்டும்" என்று மன்னராட்சியை எதிர்க்கும் ஒரு கூட்டம் கத்தியது. அதன் முன்வரிசையில் கோசிகா நின்றாள்.

அவளும் அவரைக் கண்டுவிட்டாள். ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்தபடி கையை உயர்த்தி ஆட்டினாள். அவருடைய கையும் பாதி எழுந்தது.

"வெட்கமில்லாத கூட்டம்" என்றார் ஜோய்ஸ். "அந்தப் பெண் உங்களுக்குத் தெரிந்தவளா?"

எழுந்த கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். "தெரியாது" என்றார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒலிவாங்கியோடு ஒரு தொலைக்காட்சிக்காரி வந்தாள். கத்துகிறவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். ஜோய்ஸ் கிறிஸ்துராஜாவைச் சுட்டிக்காட்டினார். அவருக்கே வியப்பாக, ஆங்கிலம் தங்குதடையின்றி வந்தது.

"இந்த நாடு எங்களுக்கு எல்லாம் தந்தது. இவர்களுக்கு நன்றியில்லை. பெற்றவர்கள் ஒழுங்காக வளர்க்கவில்லை."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். குதிரைப்படை வந்தது, மன்னரின் வண்டி வந்தது. அவர் வண்டியைப் பார்க்கவில்லை. குதிரைகளின் இடைவெளியில் மகளைத் தேடினார். ஊர்வலம் கடந்தபோது அவள் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

மாலையில் அந்தப் பேச்சு தொலைக்காட்சியில் வந்தது. வெம்பிளியிலிருந்து நண்பர் பெனடிக்ற் அழைத்தார். "அண்ணை, நல்லாச் சொன்னியள். எங்கடை சனத்துக்குப் பெருமை."

கிறிஸ்துராஜா சாப்பாட்டை மூடி வைத்தார். பெற்றவர்கள் வளர்க்கவில்லை என்ற சொல்லுக்குள் கலாவதியும் இருந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரண்டு இடங்களில் கூட்டித் துடைத்தவள். கோசிகாவை அழைத்தார். அவள் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அண்டைக்கு என்னைக் கண்டனீங்களோ அப்பா?"

மன்னிப்புக் கேட்பதற்கு அவர் சொற்களைத் தேடி வைத்திருந்தார். ஆனால் அவள் முகம் 'இல்லை' என்ற ஒரேயொரு பதிலுக்காகக் கெஞ்சியது.

"நீயும் அங்கை நிண்டனியோ?" என்றார்.

கோசிகா நீண்ட மூச்சு விட்டு, கதிரையில் இருந்தாள். "வேலை எண்டு பொய் சொன்னது என்ரை பிழை. உங்களுக்குக் கை காட்டினனான். கண்டுங்காணாத மாதிரி நிண்டிட்டு, தொலைக்காட்சியிலை என்னைத்தான் அப்பிடிச் சொன்னீங்கள் எண்டு நினைச்சு ஒரே அழுகை."

"தூரத்திலை கண் வடிவாத் தெரியுதில்லை பிள்ளை."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" உடனேயே கைபேசியில் கண் பரிசோதனைக்கு நேரம் எடுத்தாள். அவர் எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை.

கண்ணாடிக் கடையில் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தாள். சுவரிலிருந்த எழுத்துகளை வேண்டுமென்றே பிழையாக வாசித்துப் பார்த்தார். பரிசோதித்த பெண் கருவியால் கண்களுக்குள் பார்த்துவிட்டு, கோசிகாவிடம் உற்சாகமாகச் சொன்னாள்: "கவலை வேண்டாம். இந்த வயதுக்கு உங்கள் அப்பாவின் தூரப்பார்வை மிக நன்றாக இருக்கிறது."

கோசிகா நன்றி சொன்னாள். இருவரும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள்.

"நான் உன்னைக் கண்டனான்" என்றார்.

"விளங்குது அப்பா."

"பக்கத்திலை இருந்த வெள்ளைக்கார மனிசி கேட்டவுடனை என்ன சொல்லுறதெண்டு..."

"விடுங்கோ. பஸ் வருது."

இப்போதும் கோசிகா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அவருக்குச் சமைத்து வைக்கிறாள், மருந்து முடிந்ததா என்று கேட்கிறாள். ஆனால் எங்கே போனாள், யாரோடு நின்றாள் என்று எதுவும் சொல்வதில்லை. கேட்கும் உரிமை தனக்கு இன்னும் இருக்கிறதா என்று அவருக்கும் தெரியவில்லை.